ஃபேன் நின்றால் திறக்கலாம்

கார் எஞ்சினை அணைத்த பிறகும் முன்பக்கத்து ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் யாரும் பதற வேண்டியதில்லை. பல வண்டிகளில் அது அப்படித்தான். உள்ளே சூடு மிச்சம் இருக்கும். ஐந்து நிமிடமோ எட்டு நிமிடமோ ஓடி, தண்ணீர் ஆறியதும் தானாக நின்றுவிடும். இது தெரியாமல் பாதிப் பேர் அரக்கப் பரக்க என் ஷெட்டுக்கு ஓடி வருவார்கள். நான் அவர்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை பேசி, ஃபேன் நின்றதும் அனுப்பி வைப்பேன்.

எட்டு நிமிடம் கழித்தும் ஓடினால்தான் கையை வைக்க வேண்டும். அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ரிலே. தீப்பெட்டியில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒரு டப்பா. ஃபேனுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடுகிற கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்துக்கொண்டு நீங்கள் தூங்கப் போனாலும் ஃபேன் ஓடும். விடிந்தால் பேட்டரி காலி. அடுத்தது சென்சார். தண்ணீரின் சூட்டை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அதன் ஒயர் அறுந்துபோனால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதபோது அது மோசமானதைத்தான் நினைத்துக்கொள்ளும், ஃபேனை முழு வேகத்தில் ஓட விடும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். பெற்றவர்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

நீங்கள் என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னீர்கள், ஐயா. அதனால்தான் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நான் முப்பத்து நாலு வருடமாகக் கார் எலக்ட்ரீஷியன். தெருவில் எல்லோருக்கும் நான் ஒயர்க்காரர். வீட்டை ஒட்டியே ஷெட். சமையலறைக் கதவைத் திறந்தால் ஷெட்டுக்குள் இறங்க மூன்று படி. வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவளுக்கு இருபத்தொன்பது வயது. நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அவளுடைய அம்மா, பாப்பாவுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது போய்விட்டாள். இறந்துபோனாள் என்று சொல்லவில்லை, போய்விட்டாள். இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். ஆறு ஜன்னல் உள்ள வீடு. எனக்கு அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை, அந்தத் தாளைக்கூடப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அதன் பிறகு பாப்பாவுக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். ஒரு ஆண்பிள்ளை எவ்வளவு செய்வான் என்று அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்படுவார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பாப்பாவின் வேலை காது சோதிப்பது. ஊருக்குள் ஒரு சின்ன கிளினிக்கில் இருந்தாள். சத்தம் வராத அறையில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்வாள். மற்றவர்களுக்குக் கேட்காததெல்லாம் அவளுக்குக் கேட்கும். நான் படியில் கால் வைக்கும் விதத்தை வைத்தே எனக்கு முதுகு வலிக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளுக்கான பிரிவு. அந்த ஊரில்தான் என் தங்கை இருக்கிறாள். அத்தை வீட்டு மாடி அறையிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் என்னிடம் சொன்னார்கள். நான் சந்தோஷம் என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாப்பாவால் பஸ்ஸில் மலை ஏற முடியாது. சின்ன வயதிலிருந்தே மூன்றாவது வளைவுக்குள் குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி எடுப்பாள். அடுத்தவர் ஓட்டும் கார் என்றாலும் அதே கதைதான். தானே ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. அதற்காகத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய சின்ன கார் ஒன்றை வாங்கினாள். ஆக, மலைக்கு அந்தப் பக்கம் போக அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கார்தான்.

முதல் தடவை அது கெட்டதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். நேர்காணலுக்குப் போகிற அன்று காலையில் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன், ரிலே ஒட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு தட்டினேன், விட்டுவிட்டது. மாற்றுவதற்குப் புது ரிலே கையிலேயே இருந்தது. மாட்டி, வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துக் கிளப்பியிருந்தால் ஏழரைக்கெல்லாம் அவள் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பாள்.

ஆனால் அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட உடுப்போடு ஷெட்டுப் படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கே உட்கார்ந்து என் சாமான்களை அளவு வாரியாக அடுக்குவாளோ அதே படி. கிளினிக்கில் ஒரு கிழவர், காது கேட்கும் கருவியை மாட்டியதும் முதன்முதலாகத் தன் மனைவியின் குரலைக் கேட்டுவிட்டு, கழட்டிவிடுங்கள் என்றாராம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவள் என்னப்பா, ஆச்சா என்று கேட்டபோது, பார்த்துத்தான் சொல்லணும்மா, மலை ஏறுற வண்டி, அவசரப்படக் கூடாது என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து வேறு தேதி வாங்கினாள். அன்று முழுவதும் வீட்டில் இருந்தாள். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

சாயங்காலம் புது ரிலேயை மாட்டிவிட்டேன். பழையதை ஆணி போடும் டப்பாவில் போட்டு வைத்தேன். எங்கள் தொழிலில் யாரும் எதையும் தூக்கி எறிவதில்லை.

இரண்டாவது தேதி வந்தது. முந்தின சாயங்காலம் டப்பாவைத் திறந்தபோது அந்த ரிலே கண்ணில் பட்டது. இன்னும் ஒட்டுகிறதா என்று பார்க்கலாமே என்றுதான் மாட்டினேன். ஒட்டியது. காலையில் பாப்பா சாவியைத் திருப்பினாள், ஒரு டிக் சத்தம்தான் வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டு எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த வண்டியில் நான் பார்க்காத வேலை இல்லை. சென்சாரை மாற்றினேன். ஒயர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் சூடானால் தானாகத் திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வெந்நீரில் போட்டு அவளுக்கு வேடிக்கை காட்டினேன். பாப்பா டார்ச் பிடிப்பாள், நான் குனிந்து வேலை செய்வேன். ஒரு வாரம் நன்றாக ஓடும், கிளினிக்குக்குப் போய் வருவாள். மலைப்பக்கம் பேச்சு எழும்போது ஃபேன் மறுபடி நிற்காமல் ஓடும். தெருவில் அந்தக் காருக்கு ஹெலிகாப்டர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒயர்க்காரர் வீட்டு வண்டியையே ஒயர்க்காரரால் சரி பண்ண முடியவில்லையே என்று டீக்கடையில் என்னைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். மகளுக்காக ஒரு தகப்பன் பேரைக் கெடுத்துக்கொள்வது பெரிய காரியமில்லை.

ஒருநாள் வேறு ஆளிடம் காட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தாராளமாக என்றேன். நல்ல ரிலேயை மாட்டிவிட்டு, நானே கூடப் போனேன். ரேடியேட்டர் கடைக்காரர் என் பழைய கூட்டாளி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். ஃபேன் நேரத்துக்கு ஓடி நேரத்துக்கு நின்றது. வண்டிக்கு ஒன்றும் இல்லை, உன்னை விட்டுப் பிரிய அதற்கு மனசில்லை போலிருக்கிறது என்று கேலி செய்தார். பாப்பா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சாப்பா? நான்தான் எதையாவது ஆஃப் பண்ணாம வந்துடுறேனா?"

"இருக்கலாம்மா. மனசு எங்கேயோ இருந்தா கை மறக்கத்தான் செய்யும்" என்றேன்.

அதிலிருந்து அவள் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்து, திரும்பப் போய்ப் பார்ப்பாள். லைட், ஏசி, சாவி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வாய்விட்டுச் சொல்வாள். மறுபடி வந்து மறுபடி போவாள். கதவைப் பூட்டிய பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். பாதித் தட்டுக்கு மேல் சாப்பாடு இறங்குவதில்லை. தேதியை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் என்ன நினைப்பார்கள் என்று ஒருநாள் அழுதாள். சில சாயங்காலங்களில் கேட் கொக்கியில் கையை வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், திறக்க மாட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாலைக் காய்ச்சி, சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டு, கையில் கொடுத்துக் குடிக்க வைப்பேன்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நான் அவளுக்குத் தினமும் சொன்னேன். தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க அவள் அடிக்கடி பானெட்டைத் திறப்பாள். ரேடியேட்டர் மூடிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும், சூட்டோடு திறந்தால் முகத்தில் அடித்துவிடும். அதனால் ஃபேன் ஓடுகிறவரை மூடியைத் தொடாதே, நின்றால் திறக்கலாம் என்பேன். எங்கள் வீட்டு வண்டிக்கு அது பொருந்தியது. எல்லா வண்டிக்கும் பொருந்தாது, ஒழுங்கான ஒர்க்‌ஷாப்பில் யாரும் அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். பாப்பா கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள். தலையைச் சாய்த்து, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கையை நீட்டுவாள்.

பிறகு அவளே கண்டுபிடித்தாள். ஃபோனில் யார் யாரோ பேசும் வீடியோக்களைப் பார்த்து, நோட்டில் படம் வரைந்து, ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒருநாள் சாப்பிடும்போது கைப்பையிலிருந்து ரிலேயை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதுதாம்ப்பா. சாயங்காலம் கழட்டிட்டா ஃபேனுக்குக் கரண்டே போகாது. காலையில மாட்டிக்கலாம். நாலு நாளா பண்றேன், பேட்டரி அப்படியே இருக்கு."

என் மேல் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, என் பிள்ளை அல்லவா. ஆனால் பாதியில் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ரிலே எப்போதும் அவள் பையில் இருந்தது. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். ஷெட்டில் நான் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. என் வீட்டில் என்னையே உள்ளே தள்ளிப் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்லவர்கள். ஃபோனிலேயே முகம் பார்த்துப் பேசி அவளை எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சேர வேண்டும். பாப்பா இரண்டு பெட்டி கட்டினாள். அவள் அறைச் சுவரில் படம் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. வாரம் தவறாமல் வந்துவிடுவேன் என்று சொன்னாள். அவளுடைய அம்மாவும் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொன்னாள். பார்த்துக் கொடுத்தேன், ஒட்டுகிற ரிலேக்குப் பதில் நல்லதையும் மாட்டினேன். உங்கள் மேசை மேல் சின்ன கவரில் இருக்கிறதே, அரிசி நீளத்துக்கு ஒரு ரெசிஸ்டர், அதை அன்றுதான் வைத்தேன். சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் அதைச் சேர்த்து, டேப் சுற்றினேன். அது அங்கே இருந்தால் தண்ணீர் கொதித்தாலும் கம்ப்யூட்டருக்கு வெதுவெதுப்பாகத்தான் தெரியும். சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையாது. ஃபேன் ஓடவே ஓடாது. சமதரையில் காற்று பட்டே எஞ்சின் ஆறிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. மலையில் மெதுவாக ஏறும்போதுதான் கொதிக்கும். ஏசி போட்டால் ஃபேன் தனியாக ஓட ஆரம்பித்துவிடும் என்பதால், ஏற்றத்தில் ஏசி போடாதே, இழுவை போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினேன். அவள் சரிப்பா என்றாள்.

என் கணக்கு இதுதான். ஏழாவது எட்டாவது வளைவில் வண்டி நிற்கும். அவள் என்னைக் கூப்பிடுவாள். நான் போய்க் கட்டி இழுத்து வருவேன். எஞ்சின் போயிருக்கும், இனி அந்தக் கார் உதவாது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதில் என்ன கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு ஃபோன் வந்தது. ஒன்பதாவது வளைவு. நான் கயிற்றைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

அவள் பதறவில்லை. பானெட்டிலிருந்து ஆவி வந்ததாகவும், ஓரம் கட்டி அணைத்துவிட்டதாகவும் சொன்னாள். நான் வருகிறேன், அங்கேயே இரு என்றேன். வேண்டாம்ப்பா என்றாள். பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தியிருக்கிறார், தண்ணீர் வைத்திருக்கிறார், ஊற்றிக்கொண்டு மெதுவாக ஏறிவிடுவேன். கிளம்பாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடப்பேன். இன்னும் மூன்று வளைவு ஏறினால் மலை உச்சி. அங்கே வண்டியோடு காத்திருக்கும்படி அத்தையிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இறக்கத்தில் வாந்தி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், எப்படியும் பத்து மணிக்குள் போய்விடுவேன். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னாள். அந்தக் குரலில் கொஞ்சம்கூடப் பயமில்லை. மூன்று மாதமாகச் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வீணாகப் போனது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மற்றதை லாரிக்காரர் உங்களிடம் சொல்லிவிட்டார். அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி என் ஷெட்டுக்கு வந்திருக்கும், அந்தக் கவரும் உங்கள் மேசைக்கு வந்திருக்காது. ஆனால் அவர் ஒரு பக்கத்துப் பேச்சைத்தான் கேட்டார். நான் இரண்டு பக்கத்தையும் எழுதுகிறேன்.

"அப்பா, முள்ளு நடுவுலதான் இருக்கு. ஃபேன் ஓடலை, நல்லாக் கேட்டுப் பார்த்துட்டேன். மூடியைத் திறந்து தண்ணி ஊத்தலாமா? லாரிக்காரர் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்றார்."

சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் டீ குடித்த டம்ளர் கழுவாமல் இருந்தது. அவளுடைய அறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பாப்பா காத்திருந்தாள். என்னைக் கேட்காமல் அவள் எதையும் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"அவருக்கு லாரி தெரியும்மா. உன் வண்டி எனக்குத் தெரியும். ஃபேன் நின்னாத் திறக்கலாம்" என்றேன்.

ஃபோனை எங்கே வைத்தாளோ தெரியவில்லை, இணைப்பு போகவில்லை. நான் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இரண்டு கண்களைப் பற்றியும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். கழுத்தும் வலது கையும் ஆறிவிடும் என்றார், ஆறிவருகிறது. கட்டு மாற்றும்போதுகூடப் பாப்பா என்னைக் குறை சொன்னதில்லை. வந்தவர்களிடமெல்லாம் அப்பா சரியாகத்தான் சொன்னார், நான்தான் மூடி மேல் துணியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், ஐயா. உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுக்கிறேன்ப்பா என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். மறுபடி தலை பின்னிவிடுகிறேன். விட்டுப்போன பழக்கம், இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டது.

திறக்கச் சொன்னது ஏன் என்று உங்கள் படிவத்தில் கேட்டிருந்தீர்கள், அதற்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. வண்டி நின்றால் போதும் என்று நினைத்துத்தான் ரெசிஸ்டர் வைத்தேன், அது உண்மை. ஆனால் வண்டி நின்ற பிறகும் அவள் போய்க்கொண்டே இருந்தாள். மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பது முப்பத்து நாலு வருடமாக எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவசரத்திலோ குழப்பத்திலோ சொல்லவில்லை. அப்படி எழுதினால் எனக்கு நல்லது என்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் சொன்னார். பொய் எழுத எனக்குப் பிடிக்காது.

இப்போது வீடு நன்றாக இருக்கிறது. நாற்காலி மேசையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டேன். கட்டிலிலிருந்து குளியலறை வரை கயிறு கட்டியிருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். என் தங்கை வந்தால் பாப்பா அழுகிறாள் என்பதால் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாப்பாவின் ஃபோனையும் நானே வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். கண் தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே, அதற்கேற்ற வேலை தருகிறோம் என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். அவளுக்கு விருப்பமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லி வீணாக ஆசை காட்டுவானேன்.

நான் எழுத வேண்டியது முடிந்துவிட்டது. எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். மணி ஒன்றாகப் போகிறது, அவளுக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. முன்கதவையும் ஷெட்டுக் கதவையும் வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவள் தடுமாறித் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. முதல் மாதம் கொக்கியைத் தடவித் தடவிப் பார்ப்பாள், இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை.

நான் அவளை அடைத்து வைத்திருப்பதாக நீங்கள் நினைக்கலாம். நேராக வீட்டுக்கு வந்து அவளையே கேளுங்கள். எங்கேயாவது போகணுமாம்மா என்று நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போதெல்லாம், எங்கேயும் போக வேண்டாம்ப்பா என்றுதான் சொல்கிறாள்.